பீர் என்னும் தானியமதுவின் தூய்மை வரலாறு

மதுபானத்தைப் பற்றிய கட்டுரையொன்று நம் சங்கப் பத்திரிகையில் இடம்பெறுதல் தகுமோ என்று அன்பர்களிற் சிலர் ஐயுறலாம். குடியை ஆதரித்தல் எமது நோக்கமன்று. நம் குடும்பங்களிற் பல மதுவைத் தீண்டாதவை. அவ்வொழுக்கம் என்றும் நிலைபெறுக. ஆயினும், ஒரு தேசத்து ஜனங்கள் உண்ணும் பண்டமும் பருகும் பானமும் எவ்வாறு செய்யப்படுகின்றன, அவற்றிற் கலப்படம் எவ்வாறு புகுந்தது, எவரால் விலக்கப்பட்டது என்பவற்றை அறிதல் சரித்திர ஆராய்ச்சியின் ஒரு பகுதியேயாம். வியாபாரத்தையும் விவசாயத்தையும் கைத்தொழிலையும் நம்பி வாழும் நம்மவர்க்கு அவ்வறிவு பெரிதும் பயன்தரும்.

இக்காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும், இரசாயன உரமும் பூச்சிமருந்தும் இடாத நிலத்தில் விளைந்த தானியத்தைக் கொண்டு, சிறிய ஆலைகளிற் கைப்பக்குவமாய்ச் செய்யப்படும் பீரைத் தேடிச் சென்று, இருமடங்கு விலை கொடுத்தும் வாங்கிப் பருகுவோர் பலர். இது நேற்று முளைத்த நாகரிகமென்று எண்ணுவோர் உளர். உண்மையில் இதன் வேர் பல நூற்றாண்டுகட்கு முற்பட்டது. அவ்வரலாற்றை ஒரு நோக்காய்ப் பார்ப்பின் ஓர் உண்மை புலனாகும். முதலில் ஜனங்கள் கொப்பரையின் தூய்மையைக் கேட்டார்கள். பின்னர்க் கொப்பரையில் இடும் சரக்கின் தூய்மையைக் கேட்டார்கள். கடைசியாகவே அச்சரக்கு விளைந்த வயலின் தூய்மையைக் கேட்டார்கள். ஒவ்வொரு படியிலும் தூய்மையைக் காத்தது பருகுவோர் நாவுமன்று, விற்போர் வாக்குமன்று. விதியும், ஆராய்ச்சியும், சிறியோர் ஒன்றுகூடி அமைத்த சங்கமுமேயாம்.

பீர் ஆவது யாது?

சாராயத்தைப்போல் ஆவியாக்கி வடித்தெடுக்கப்படுவதன்று பீர். அது தானியத்தைப் புளிக்கவைத்து ஆக்கும் பானம். நம் வீடுகளில் நோயாளிகட்குக் கஞ்சி காய்ச்சுகின்றோமே, அந்தப் பார்லியே இதற்கு முதற்பொருள். கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி உலர்த்திக் குழந்தைகட்குக் கூழ் காய்ச்சுவதை நம் தாய்மார் அறிவர். அவ்வாறே பார்லியை இரண்டு நாள்வரை நீரில் ஊறவைத்து, நான்கைந்து நாள் முளைக்கவிட்டு, பின்பு அனலில் உலர்த்துவர். இவ்வாறு முளைகட்டி உலர்த்திய தானியத்திற்கு மால்ட் என்று பெயர். அதை நொறுக்கி, ஏறக்குறைய 65 டிகிரிச் சூடுள்ள வெந்நீரில் ஊறவைத்தால் தானியத்தின் மாவு சர்க்கரையாய் மாறி, இனிய சாறு இறங்கும். அச்சாற்றில் ஹாப் என்னும் கொடியின் பூக்கதிரை இட்டு ஒரு மணிநேரத்திற்கு மேற் கொதிக்கவைப்பர். ஹாப் கொடி கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. எனினும் அதன் பூவில் கஞ்சாவின் வெறி இல்லை. கசப்பும் நறுமணமும், பானத்தைக் கெடாமற் காக்கும் குணமும் உண்டு. சாறு ஆறிய பின்னர் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைச் சேர்த்தால், அது சர்க்கரையைத் தின்று மதுவும் நுரையும் உண்டாக்கும். பார்லி, ஹாப், நீர், ஈஸ்ட் ஆகிய இந்நான்குமே நல்ல பீருக்குப் போதுமானவை. இவ்வளவு எளிய பண்டத்தில் இத்துணை வஞ்சனை புகுந்ததென்பதே வியப்பு.

பண்டைக்காலத்து விதிகள்

டைகிரிஸ், யூப்ரடீஸ் நதிகட்கிடையே வாழ்ந்த சுமேரிய ஜனங்கள் பீரைக் காய்ச்சினர். நின்காஸி என்னும் பெண்தெய்வத்தை அத்தொழிலுக்கு உரியவளாக வணங்கினர். பாபிலோன் தேசத்து அரசன் ஹம்முராபி கி. மு. 18-ம் நூற்றாண்டிற் செதுக்குவித்த சட்டத்தில், பீர்க்கடை நடத்தும் பெண்களைப் பற்றிய விதிகள் உள. விலையாகத் தானியத்தைப் பெற மறுத்து வெள்ளியையே கேட்பவளும், தானியத்திற்கு ஈடாகக் கொடுக்கவேண்டிய பானத்தைக் குறைத்து அளப்பவளும் நீரில் எறியப்படுவர் என்பது அவ்விதிகளுள் ஒன்று. தண்டனை கொடிதாயினும், அளவிலும் விலையிலும் வஞ்சனை செய்தல் அத்துணைப் பழமையானதென்பதை அஃது உணர்த்துகின்றது.

இங்கிலாந்தில் 13-ம் நூற்றாண்டின் நடுவில், தானியத்தின் விலைக்கேற்ப ரொட்டிக்கும் ஏல் என்னும் பானத்திற்கும் விலை நிர்ணயிக்கும் சட்டம் ஏற்பட்டது. ஏல் என்பது அக்காலத்தில் ஹாப் சேர்க்காத பீர். ஊர்தோறும் அதைச் சுவைத்துப் பார்த்துக் குணமும் விலையும் சரியாவென்று சொல்லும் உத்தியோகஸ்தர் இருந்தனர். அக்காலத்தில் ஏல் காய்ச்சியவர் பெரும்பாலும் பெண்டிரே. தம் வீட்டுக்குக் காய்ச்சியதில் மிஞ்சியதை அண்டை வீட்டார்க்கு விற்றனர். பின்னர் ஹாப் சேர்த்த பீர் வந்தது. நெடுநாள் கெடாமையால் அதைத் தூரதேசங்கட்கும் அனுப்பலாயிற்று. பெரிய கொப்பரையும் பெரிய மூலதனமும் உடையவரே தொழிலில் நிலைக்க, அது பெண்டிர் கையினின்றும் நழுவிற்று. கைத்தொழில் பெருந்தொழிலாகுங்கால் முதலில் இடமிழப்பவர் யாவரென்பதை நம்மவர் பலரும் தம் அனுபவத்தால் அறிவர்.

1516-ம் வருஷத்துச் சட்டம்

ஹாப் பரவுமுன் ஜெர்மானிய நாடுகளிற் பலவகைப் பச்சிலைகளைக் கூட்டிப் பீரில் இடுவது வழக்கம். அக்கலவையை விற்கும் உரிமையைப் பல இடங்களில் பிரபுக்களும் குருமாரும் தம் வசமே வைத்திருந்தனர். கலவையில் இன்னின்னது உண்டென்று வாங்குவோர் அறியார். இந்நிலையில், 1516-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 23-ந் தேதி, பவேரிய நாட்டுக் கோமகன்களாகிய நான்காம் வில்ஹெல்மும் பத்தாம் லுட்விக்கும் இங்கோல்ஸ்டாட் நகரில் ஓர் ஆணை பிறப்பித்தனர். பார்லி, ஹாப், நீர் ஆகிய மூன்றையன்றி வேறெதையும் பீரில் இடலாகாது என்பது அவ்வாணையின் ஓர் உறுப்பு. பிற்காலத்தார் இதற்குத் 'தூய்மைச் சட்டம்' என்று பெயரிட்டுப் பெருமை பாராட்டினர்.

ஆனால் அவ்வாணையை முழுதும் வாசிப்போர்க்கு வேறு சில செய்திகளும் விளங்கும். அதன் பெரும்பகுதி விலையைப் பற்றியது. செப்டம்பர் மாதத்து மிக்கேல் திருநாள் முதல் ஏப்ரல் மாதத்து ஜார்ஜ் திருநாள் வரை ஓர் அளவை பீர் ஒரு பெனிக்குமேல் விற்கலாகாது. மற்ற மாதங்களில் இரண்டு பெனிக்குமேல் விற்கலாகாது. விதியை மீறுவோரது பீர்ப் பீப்பாய் பறிமுதலாகும். கோதுமையும் ரையும் ரொட்டிக்கு வேண்டியவை. அவை கொப்பரைக்குப் போனால் ஏழைகளின் உணவு விலையேறும். ஆகவே பார்லி மட்டுமே பீருக்கு என வரையறுத்தனர். தூய்மை, நியாயவிலை, உணவுக் காப்பு என்னும் மூன்றும் ஒரே ஆணையில் அடங்கியிருந்தமை பாராட்டத்தக்கது.

அதே சமயத்தில், விதியை வகுத்தோரே விதிக்கு விலக்கும் செய்துகொண்டனர். கோதுமைப் பீர் காய்ச்சும் தனியுரிமை 1548-ல் டேகன்பெர்க் என்னும் பிரபு குடும்பத்திற்கு அளிக்கப்பட்டது. 1602-ல் அக்குடும்பம் சந்ததியின்றி ஒழியவே, மாக்ஸிமிலியன் என்னும் கோமகன் அவ்வுரிமையைத் தம்மதாக்கிக்கொண்டு, அதனாற் பெருவருமானம் அடைந்தார். சட்டம் எளியோரைக் கட்டி வலியோரை விடுமாயின் அதன் பெயர் யாதாயினும் தூய்மை நிரம்பாது.

சட்டத்திற் கூறாத நான்காம் பொருள்

1516-ம் வருஷத்து ஆணையில் ஈஸ்ட் கூறப்படவில்லை. அது ஓர் உயிரென்பதை அக்காலத்தார் அறியார். கொப்பரையடியில் தங்கிய மண்டியை அடுத்த கொப்பரையில் இட்டால் பானம் பொங்குமென்பது மட்டுமே அவர்கள் அறிந்தது. பிரெஞ்சு தேசத்து லூயி பாஸ்டர் புளித்தல் நுண்ணுயிர்களாலேயே நிகழ்வதென்று விளக்கி, 1876-ல் பீரைக் குறித்தே ஒரு நூல் வெளியிட்டார். டென்மார்க் தேசத்தில் கார்ல்ஸ்பெர்க் ஆலையின் சொந்தக்காரராகிய ஜேக்கப்ஸன் 1875-ல் ஓர் ஆராய்ச்சிச்சாலை நிறுவினார். அங்கு வேலைபார்த்த ஹான்ஸன் என்பவர் 1883-ல் தூய ஈஸ்ட் வித்தைத் தனியே பிரித்து வளர்க்கும் முறையைக் கண்டார். பீர் திடீரெனப் புளித்துக் கெடும் தொல்லைக்கு அதனாற் பரிகாரம் கிடைத்தது. அவ்வித்தை ஜேக்கப்ஸன் மறைத்து வைக்கவில்லை. பிற ஆலையார்க்கும் கொடுத்து உதவினார். தொழில் இரகசியத்தைத் தம் மக்களுக்கும் சொல்லாது மடியும் மூத்தோர் நம்மிடையே உளர். அவர்கள் இதைச் சிந்திப்பாராக.

காக்காய்க்கொல்லியும் இலண்டன் பீரும்

இங்கிலாந்தில் பீர் பெருந்தொழிலான பின்னர்க் கலப்படமும் பெருகிற்று. பார்லிக்கும் ஹாப்புக்கும் விலையும் வரியும் மிகுந்த காலங்களில், மால்ட்டைக் குறைத்து நீரைக் கூட்டி, போன வெறியையும் கசப்பையும் வேறு சரக்குகளால் ஈடுசெய்யச் சிலர் துணிந்தனர். அவற்றுட் கொடியது, நம் தேசத்தினின்றே கப்பலேறிச் சென்ற ஒரு விதை. நம் நாட்டிற் காக்காய்க்கொல்லி என்று வழங்கும் நஞ்சுக்கொடியின் காய் அது. குளத்திலிட்டு மீனை மயக்கிப் பிடிக்கவன்றோ அதை மலையாளக் கரையிற் பயன்படுத்துவர்! அக்காய் மூட்டை மூட்டையாய் இலண்டன் சேர்ந்து, தொழிலாளர் பருகும் பீரிற் கலந்தது. சிறிது பருகினும் தலைசுற்றும். பருகியவன் பீர் வலிவுடையதென்று மகிழ்வான்.

1816-ல் ஆங்கில சர்க்கார் இதைத் தடுத்துச் சட்டஞ்செய்து, அத்தகைய சரக்கைக் கையாளும் பீர்க்காரருக்கு 200 பவுனும், அவர்க்கு அதை விற்கும் மருந்து வியாபாரிக்கு 500 பவுனும் அபராதம் விதித்தனர். 1820-ல் பிரடெரிக் ஆக்கம் என்னும் ஜெர்மானிய ரஸாயன சாஸ்திரி, உணவுப்பண்டங்களின் கலப்படத்தைக் குறித்து இலண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். தண்டனை பெற்ற பீர்க்காரர், கடைக்காரர் பெயர்களை அதில் வெளிப்படையாய் அச்சிட்டார். ஒரு மாதத்திற்குள் ஆயிரம் பிரதிகள் விற்றுப்போயின. பகைவரும் அவ்வளவு விரைவிற் பெருகினர். நூல்நிலையப் புத்தகங்களின் தாள்களைக் கிழித்தாரென்று அவர்மேல் ஒரு வழக்கு எழ, அவர் இங்கிலாந்தைவிட்டு ஜெர்மனி சென்று அங்கேயே காலங்கழித்தார். எனினும் அவர் விதைத்த வித்து வீணாகவில்லை. பிற்காலத்தில் எழுந்த உணவுச் சட்டங்கட்கு அந்நூல் ஒரு முன்னோடியாயிற்று.

மாஞ்செஸ்டர் விஷம்

1880-ல் பிரதம மந்திரி கிளாட்ஸ்டன், மால்ட்டின்மேலிருந்த வரியை நீக்கிப் பீரின்மேல் வரி விதித்தார். பார்லியேயன்றிச் சர்க்கரை முதலிய வேறு பொருள்களையும் பீர்க்காரர் தாராளமாய்க் கையாள அதனால் வழி பிறந்தது. மலிவான பீருக்கு மலிவான சர்க்கரை வேண்டும். மாவையும் கழிவுச் சர்க்கரையையும் கந்தகத் திராவகத்திலிட்டு அதை உண்டாக்கினர்.

1900-ம் வருஷம் மாஞ்செஸ்டர், ஸால்போர்ட் முதலிய லங்காஷயர் நகரங்களில் நூற்றுக்கணக்கான தொழிலாளர் கைகால் மரத்து, நடக்கமாட்டாது, தோல் கறுத்து ஆஸ்பத்திரிகளை அடைந்தனர். மிகுதியாய்க் குடித்ததன் பயன் இதுவென்று வைத்தியரிற் பலர் கருதினர். குடிகாரனென்ற பழியும் நோயாளியின்மேல் ஏறிற்று. ஏழைகளின் ஆஸ்பத்திரியில் வைத்தியஞ்செய்த எர்னஸ்ட் ரெய்னால்ட்ஸ் என்னும் டாக்டர் ஒருவர் வேறுவிதமாய் நினைத்தார். விஸ்கி முதலிய கடுமதுவைக் குடிப்போர்க்கு இந்நோய் வரவில்லை. பீர் குடிப்போர்க்கே வந்தது. குடிதான் காரணமாயின் இவ்வேற்றுமை ஏன்? அவர் பீரை வாங்கிப் பரீட்சிக்கவே, அதில் ஆர்ஸெனிக் என்னும் பாஷாணம் வெளிப்பட்டது. பாஷாணங் கலந்த கனிப்பொருளினின்று ஆக்கிய கந்தகத் திராவகம் சர்க்கரையாலைக்குச் சென்றது. திராவகத்தினின்று சர்க்கரைக்கும், சர்க்கரையினின்று பீருக்கும் விஷம் ஏறியது. நோயுற்றோர் 6,000-க்கு மேற்பட்டோர். இறந்தோர் சுமார் 70 பேர்.

கெல்வின் பிரபுவின் தலைமையில் 1901-ல் அமர்ந்த விசாரணைக் கமிஷன் 1903-ல் முடிவான அறிக்கை வெளியிட்டது. மால்ட்டை உலர்த்தும் கரியின் புகையாலும் சிறிது பாஷாணம் சேர்வதுண்டென்று அது கண்டு, ஒரு காலன் பானத்தில் ஒரு கிரெய்னில் நூறில் ஒரு பங்குக்குமேல் ஆர்ஸெனிக் இருத்தலாகாதென்று எல்லை வகுத்தது. இங்குக் கருதவேண்டியது ஒன்று. பீர்க்காரர் வேண்டுமென்றே விஷமிட்டாரல்லர். பருகியோர் நாவில் எவ்வித வேற்றுமையும் தோன்றவில்லை. தாம் வாங்கும் சரக்கு எங்கே எவ்வாறு உண்டாகிறதென்று கேளாமையே அத்தனை உயிர்கட்கும் எமனாயிற்று. நோயுற்ற ஏழைகளோ பழியையும் சேர்த்துச் சுமந்தனர்.

பேராலைகளும் சிற்றாலைகளும்

இருபதாம் நூற்றாண்டில் ஆலைகள் ஒன்றையொன்று விழுங்கிப் பெருத்தன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1873-ல் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பீர் ஆலைகள் இருந்தன. 1920 முதல் 1933 வரை அங்கு நிலவிய மதுவிலக்கிற் சிறியன பல மாய்ந்தன; மீண்டவற்றையும் பெரியன வாங்கின. 1970-களின் கடைசியில் நூற்றுக்குக் குறைவானவையே எஞ்சின. எங்கும் ஒரே நிறம், ஒரே சுவை. பார்லியின் இடத்தில் ஒரு பங்கை மலிவான சோளமும் அரிசியும் கவர்ந்தன.

இதற்கு எதிராய்ச் சிறியோர் கிளர்ந்தனர். 1971-ல் அயர்லாந்திற்கு உல்லாசப் பிரயாணம் சென்ற நான்கு ஆங்கில இளைஞர், பழைய முறைப் பீர் அழிவதைக் குறித்து வருந்தி, அதைக் காக்க ஒரு சங்கம் நிறுவினர். அச்சங்கம் பின்னர் இலக்கத்துக்கு மேற்பட்ட அங்கத்தினரைப் பெற்று, ஆலைகளையும் பார்லிமெண்டையும் அசைக்கும் வலிமையடைந்தது. அமெரிக்காவில் 1965-ல் மேடாக் என்பவர் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரில் மூடப்படவிருந்த ஆங்கர் ஆலையை வாங்கி, மால்ட் ஒன்றையே கொண்டு நல்ல பீர் செய்து காட்டினார். 1976-ல் மக்காலிப் என்பவர் ஸோனோமாவில் பழைய பால்பண்ணைத் தொட்டிகளைக் கொண்டே ஒரு சிற்றாலை அமைத்தார். அது 1982-ல் மூடப்பட்டதாயினும் அதைக் கண்டு பலர் தொடங்கினர். வீட்டில் சொந்த உபயோகத்திற்குப் பீர் காய்ச்சுதல் 1979 முதல் ஐக்கிய நாட்டுச் சட்டத்தில் அனுமதிக்கப்பட்டது. நூற்றுக்குக் குறைந்த ஆலைகள் 2022-க்குள் ஒன்பதினாயிரத்துக்கு மேற்பட்டன. ஆங்கர் ஆலை 2023-ல் கதவடைத்தது. அதனால் எழுந்த தொழிலோ தழைத்தது.

வயலின் தூய்மை

சிற்றாலையார் கொப்பரையைச் செம்மை செய்தனர். வயலைப் பற்றிய கேள்வி எஞ்சி நின்றது. காற்றிலுள்ள நைட்ரஜனைக் கொண்டு உரம் செய்யும் பெருந்தொழிற்சாலை ஜெர்மனியில் 1913-ல் ஏற்பட்டது. இரண்டாவது உலக யுத்தத்தின் பின்னர் அவ்வுரமும் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் உலகெங்கும் பரவின. விளைவு பெருகிற்று, மண்ணின் வளமும் நீரின் தூய்மையும் பல இடங்களிற் குன்றின.

இதற்கு மாறான வழியைக் காட்டியோருள் முதன்மையானவர் ஸர் ஆல்பர்ட் ஹவார்ட். அவர் 1905-ல் இந்தியாவிற்கு வந்து பூஸாவிலும், பின்னர் 1924 முதல் 1931 வரை இந்தூரிலும் ஆராய்ச்சி செய்தார். நம் தேசத்து உழவரையே தம் ஆசிரியராய்க் கொண்டதாக அவர் சொல்லியிருக்கிறார். இலையும் சாணமும் மக்கிய எருவை முறையாய் ஆக்கும் விதத்தை இந்தூர்முறை என்ற பெயரால் உலகிற்கு அறிவித்து, 1940-ல் ஒரு சிறந்த நூலையும் வெளியிட்டார். இங்கிலாந்தில் 1946-ல் மண்ணைக் காக்கும் சங்கமொன்று ஏற்பட்டதற்கு அவர் கொள்கை ஒரு தூண்டுகோல். இன்று மேனாட்டார் இருமடங்கு விலை கொடுத்து வாங்கும் இயற்கை எரு விளைவின் கல்வியில் ஒரு பங்கு நம் குடியானவர் கொடுத்த தானமென்பதை நாம் மறத்தலாகாது.

பீருக்கும் இம்முறைக்கும் ஓர் இயற்கைப் பொருத்தமும் உண்டு. நைட்ரஜன் உரத்தை மிகுதியாய் இட்டால் பார்லிமணியிற் புரதம் ஏறும். புரதம் ஏறினால் மாவு குறையும், சாறும் குறையும், பானமும் கலங்கும். ஆதலால் பீருக்குரிய பார்லி மிதமான உரத்திலேயே விளைதல் நலம். மேலும் பீரில் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் நீரே. வயலிலிட்ட உரம் கிணற்றில் இறங்கினால் ஆலைக்கும் அதனால் இடரே.

1970-களின் கடைசியிலிருந்து ஜெர்மனியில் மியூன்ஸ்டர் நகரத்துப் பிங்கஸ் மியூல்லர் ஆலையார் இவ்வழியில் இறங்கினர். பவேரியாவில் நொய்மார்க்ட் என்னும் ஊரிலுள்ள லாம்ஸ்பிராய் என்னும் பழைய குடும்ப ஆலையும் அவ்வாறே செய்தது. அதன் தலைவர் எர்ன்ஸ்பெர்கர் சுற்றுப்புறத்து விவசாயிகளைத் தேடிச் சென்று, இயற்கை எருவில் விளைந்த பார்லியை நீண்டகால ஒப்பந்தத்தில் நல்ல விலைக்கு வாங்க உடன்பட்டார். விவசாயிகள் தமக்கென ஓர் உற்பத்தியாளர் சங்கம் அமைத்துக்கொண்டனர். அதில் நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்தன. 1995 முதல் அவ்வாலையின் பீர் முழுவதும் அத்தகைய தானியத்தாலேயே ஆகின்றது. ஆலைக்காரர் தனியே நல்லவராயிருந்தும் பயனில்லை, உழவர் தனியே நல்லவராயிருந்தும் பயனில்லை. இருவரும் ஒப்பந்தத்தாற் பிணைந்தமையே வெற்றிக்குக் காரணம்.

ஹாப் கொடியை அவ்வாறு விளைத்தல் பார்லியைவிடக் கடினம். அசுவுணியும் பூஞ்சணமும் அதை எளிதிற் பற்றும். அமெரிக்காவில் 2007 முதல், இயற்கை விளைவு என்ற முத்திரை பெற்ற பீரிலும் சாதாரண ஹாப்பைச் சேர்க்கச் சர்க்கார் பட்டியல் இடங்கொடுத்தது. போதிய இயற்கை ஹாப் கிடைக்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். ஆலைகள் சாதாரண ஹாப்பையே வாங்கினால் இயற்கை ஹாப்பை விளைப்பவன் எவன்? விளையாதாயின் எவ்வாறு கிடைக்கும்? இச்சுழலை உடைக்கச் சில ஹாப் விவசாயிகள் சங்கமாய்க் கூடி விண்ணப்பஞ்செய்தனர். ஆலோசனைச் சபையார் 2010-ல் அதை ஏற்க, 2013-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி முதல் அச்சலுகை நீங்கிற்று. பேராலைகளின் முன்னே ஒரு சிறு சங்கம் வென்றது.

1516-ம் வருஷத்துச் சட்டத்திற்கு 500 வயது நிரம்பிய 2016-ல் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. ஜெர்மனியில் விழாவிற்கு ஏற்பாடு நடக்குங்கால், பிப்ரவரி மாதத்தில் மியூனிக் நகரத்து ஆராய்ச்சிக் கழகமொன்று பிரபலமான 14 வகைப் பீர்களைச் சோதித்து, எல்லாவற்றிலும் கிளைபோஸேட் என்னும் களைக்கொல்லியின் சுவடு உண்டென்று அறிவித்தது. நாளொன்றுக்கு ஆயிரம் லிட்டர் பருகினாலன்றித் தீங்கில்லையென்று சர்க்கார் நிபுணர் பதிலுரைத்தனர். அவ்வளவு சிறிய அளவினால் ஆபத்தில்லையென்பது மெய்யாகலாம். எனினும் பழைய சட்டத்தின் குறை அன்று எல்லார்க்கும் விளங்கிற்று. கொப்பரையில் பார்லியா என்று அது கேட்டது. அப்பார்லி எவ்வாறு விளைந்ததென்று கேட்கவில்லை.

பருகி மகிழ்தலும் அதன் எல்லையும்

இத்தகைய பீரை விரும்புவோர் அதை அனுபவிக்கும் முறை தனி. தாகந்தீர மொண்டு குடிப்பதில்லை. சிறு கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி, நிறத்தையும் நுரையையும் கண்டு, முகர்ந்து, உணவுடன் மெல்லப் பருகுவர். வறுத்த ரொட்டியின் மணம் மால்ட்டினுடையது. பூவும் நாரத்தைத் தோலும் போன்ற மணம் ஹாப்பினுடையது. இன்ன ஊர்ப் பார்லி, இன்னார் தோட்டத்து ஹாப் என்று சொல்லிக்கொள்வதில் அவர்க்கு ஓர் இன்பம். தோட்டத்தை அறிந்து மாம்பழம் வாங்குவோர்க்கு அவ்வின்பம் புதிதன்று.

இயற்கை எருவில் விளைந்த பார்லியை நாவினால் மட்டும் கண்டறிதல் அரிது. சுவையின் சிறப்பு பெரும்பாலும் காய்ச்சுவோன் கைப்பக்குவம். வயலின் தூய்மை நாவிற்கன்று, மண்ணுக்கும் நீருக்கும் உழவன் உடலுக்கும் நன்மை செய்வது. மற்றொன்றையும் மறைத்தலாகாது: எத்துணைத் தூய தானியத்திற் செய்யினும் மது மதுவே. புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களுள் ஒன்றாக மதுபானத்தை உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த ஆராய்ச்சிக் கழகம் 1988-லேயே சேர்த்துவிட்டது. இயற்கை என்ற முத்திரை அதை மருந்தாக்காது. ஆதலின் பருகாதோர் பருகத் தொடங்குதற்கு இதில் யாதொரு காரணமும் இல்லை.

ஆனால் இவ்வரலாற்றின் பாடம் பீர்க் கோப்பையோடு முடிவதன்று. நம் வீட்டில் ஏறும் எண்ணெய், அரிசி, பருப்பு, வெல்லம், மிளகாய்ப்பொடி எல்லாவற்றிற்கும் அது பொருந்தும். நம்மில் விற்போரும் உளர், விளைப்போரும் உளர், வாங்குவோர் யாவரும் உளர். விற்கும் நம்மவர் தம் சரக்கின் பிறப்பிடத்தைக் கேட்டறிந்து விற்பாராக. மாஞ்செஸ்டரில் கேளாமை செய்த கேடு நினைவிருக்கட்டும். விளைக்கும் நம்மவர் நொய்மார்க்ட் விவசாயிகளைப்போல ஒன்றுகூடி, நல்ல விளைவிற்கு நல்ல விலை பேசுவாராக. வாங்குவோர் மலிவொன்றையே நோக்காது, எங்கு விளைந்தது, எவர் செய்தார் என்று கேட்கும் வழக்கத்தைத் தம் பிள்ளைகட்கும் பழக்குவாராக. ஒருவர் கேட்டால் கடைக்காரர் நகைப்பார். ஒரு சங்கம் கேட்டால் செவிசாய்ப்பார். சங்கமாய்க் கூடியிருக்கும் நமக்கு இதைவிட எளிதாய்ச் செய்யத்தக்க பணி வேறு யாதுளது?